துண்டும் பில்லும்: தோட்டத்து டீவிக்கு ஒரு சின்ன வரலாறு

மலையகத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வழக்கமாக மூன்று தலைப்புதான் வரும்: சம்பளம், குடியுரிமை, காணி. இந்தமுறை நாங்கள் டீவியைப் பிடித்துக்கொண்டோம். அதுவும் நல்லா ஓடுகிற டீவி இல்லை. புதுசா வாங்கி, பெட்டியை உரித்து, இரண்டு மூன்று மாதத்தில் படம் போய்விடுகிற டீவி.

ஊவா தோட்டங்களில் இது யாருக்கும் புதுக்கதை கிடையாது. சீட்டுக் காசு விழுந்ததும், அல்லது அம்மாவின் சேமலாப நிதி கைக்கு வந்ததும், அல்லது கொழும்பில் கடையில் நிற்கும் மகன் தீபாவளிக்கு வந்ததும், பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போய் ஒரு டீவி எடுப்பார்கள். ஒருநாள் பின்னேரம் சத்தம் மட்டும் வரும், படம் வராது. திரும்பப் பெட்டியில் கட்டி, ஒரு நாள் பேரை விட்டுவிட்டு, பஸ்ஸில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனால் "கரண்ட் கூடிப் போயிருக்கு, இது வொரண்டியில வராது" என்பார்கள். இல்லாவிட்டால் "வச்சிட்டுப் போங்க, கொழும்புக்கு அனுப்பணும்" என்பார்கள். அதற்குப் பிறகு நம்ம ஆட்கள் அதிகம் பேசமாட்டார்கள். "நம்ம நேரம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

ஏன் பேசுவதில்லை? பயம் என்பார்கள், படிப்பில்லை என்பார்கள். இரண்டும் பாதிப் பதில்தான். இந்த மௌனத்துக்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு பழக்கம் இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். தோட்டத்து மனிதர்கள் வாழ்க்கையில் முக்கியமாக வந்த தாள்களில் பெரும்பாலானவை அவர்களுக்கு எதிராகவே எழுதப்பட்டவை. கடைக்காரர் கொடுக்கும் பில்லும் வொரண்டி கார்டும் அந்த வரிசையில் நம்ம பக்கம் நின்று பேசக்கூடிய தாள்கள். ஆனால் அவற்றைப் பேசவைக்கும் பழக்கம் நமக்கு இன்னும் முழுசா வரவில்லை.

கடனை எழுதிய தாள்

முதல் தாளின் பெயர் துண்டு. இந்தப் பெயரை இன்றைய பிள்ளைகள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஒரு தோட்டத்தில் இருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக நினைக்கும் ஆட்களுக்குத் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். இவர்களுடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவர்களை விடுகிறேன் என்பது அதன் சாரம். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கட்டிய காசு அப்படியே ஆட்களின் தலையில் புதுக் கடனாக ஏறும். துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைப்பது கஷ்டம்.

அந்தக் கடன் எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டுக் கிராமத்தில் கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, வந்திறங்கியதும் வாங்கிய அரிசி, கம்பளி. எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு கழிந்தது என்பதை எழுதியவர்கள் கங்காணியும் தோட்ட ஒபிசும். யாருடைய கடனோ அவருக்கு அந்தக் கணக்கை வாசிக்கத் தெரியாது. இந்தத் துண்டு முறை 1921-இல்தான் சட்டம் போட்டு ஒழிக்கப்பட்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்க. இலங்கையின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சட்டம். பிரித்தானியாவில் 1893-இல் வந்த சட்டத்தைப் பார்த்து எழுதியது. ஒரு வியாபாரி தான் வழக்கமாக விற்கும் பொருளை விற்றால், அது விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும், வாங்கியவர் சொன்ன தேவைக்குப் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனைகள் அந்த விற்பனைக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன என்று அது சொல்கிறது. வாயால் சொல்லாவிட்டாலும், தாளில் எழுதாவிட்டாலும் அடங்கியிருக்கிறது. இன்றைக்கும் நாட்டில் இருக்கும் சட்டம் அது.

அதாவது 1896-இல் கொழும்பில் ஒரு சாமானை வாங்கியவருக்கு, அது உருப்படியாக இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை வந்துவிட்டது. அதற்குப் பிறகும் 25 வருடம், நமுனுகல மலை அடிவாரத்தில் கொழுந்து எடுத்தவர் துண்டில் எழுதிய கணக்கு சரியா என்று கேட்க முடியாமல் இருந்தார். ஒரே நாடு, ஒரே அரசாங்கம்.

இல்லாத தாள்

துண்டு ஒழிந்த பிறகு, இருக்கிற தாளை விட இல்லாத தாள் பெரிய பிரச்சினையானது. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அப்பா இலங்கையில் பிறந்தவரா, தாத்தா இங்கே பிறந்தவரா என்று கேட்டது. பிறப்பைப் பதிந்து வைக்காத, பதிந்தாலும் தாளைப் பாதுகாக்க வழியில்லாத லயத்து மனிதர்கள் எதைக் காட்டுவார்கள்? ஏழு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, ஆட்களை இரண்டு நாடுகளுக்கும் பங்கு பிரித்தது. மிச்சம் இருந்தவர்களின் பிரச்சினையைத் தீர்க்க 1988-இல் ஒரு சட்டமும் 2003-இல் இன்னொரு சட்டமும் தேவைப்பட்டன.

டீவிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீங்க. 2003-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்க. நாடற்றவர் என்ற பெயரைத் துடைத்த அந்தச் சட்டம் 35-ஆம் இலக்கம். அதே ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டம்தான் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை உண்டாக்கியது. பிரஜை என்ற உரிமை முழுசாகக் கைக்கு வந்ததும், பாவனையாளர் என்ற உரிமை இன்றைய வடிவத்துக்கு வந்ததும் ஒரே வருடம்தான். முதலாவதைப் பற்றி யூனியன் மேடைகளில் நிறையப் பேசினார்கள். இரண்டாவதைப் பற்றி லயத்துக்கு வந்து யாரும் பேசியதாக நாங்கள் கேள்விப்படவில்லை.

பெட்டி வந்த கதை

இலங்கையில் டீவி 1979 ஏப்ரல் 13-இல் ஆரம்பமானது. ஐ.டி.என். என்ற அந்த முதல் அலைவரிசை அப்போது கொழும்பையும் சுற்றுப்புறத்தையும் மட்டுமே எட்டியது. 1982 பெப்ரவரி 15-இல் ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினி வந்தது. பிதுருதலாகலை உச்சியில் கோபுரம் நட்டார்கள், மலைநாட்டுக்கும் படம் வந்தது.

இந்த இரண்டு தேதிகளுக்கும் முன்னால் 1977 இருக்கிறது. ஜே.ஆர். ஜயவர்த்தன அரசாங்கம் இறக்குமதிக் கதவைத் திறந்தது. ரேடியோ, கெசட், டீவி எல்லாம் நகரத்துக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தன. சாமான் வந்த வேகத்திலேயே சட்டமும் வந்தது என்பதுதான் சுவாரசியம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1979-ஆம் ஆண்டின் முதலாம் இலக்கம், ஐ.டி.என். பிறந்த வருடம். தவணைக்குச் சாமான் எடுப்பதை ஒழுங்குபடுத்தும் நுகர்வோர் கடன் சட்டம் 1982-ஆம் ஆண்டின் 29-ஆம் இலக்கம், ரூபவாஹினி பிறந்த வருடம். டீவியும் டீவி வாங்குபவரைப் பாதுகாக்கும் சட்டமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஆனால் ஒன்றுதான் மலை ஏறி வந்தது.

அதுவும் உடனே வரவில்லை. தேயிலைத் தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் லைட் வந்து எத்தனையோ காலம் ஆகியும், சில தோட்டங்களில் சொந்த நீர்ச்சுழலியே இருந்தும், அந்தக் கம்பி லயம் வரை நீளவில்லை. லயங்களுக்குப் பரவலாகக் கரண்ட் வந்தது 1990களிலும் அதற்குப் பிறகும்தான். அதுவரை பெட்டரி. 12 வோல்ட்டில் ஓடும் சின்னக் கறுப்பு வெள்ளை டீவியை வாங்கி, கார் பெட்டரியில் கொடுத்துப் பார்ப்பார்கள். பெட்டரி இறங்கினால் அதைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போய் சார்ஜ் போட வேண்டும். தோட்டத்தில் ஒரு வீட்டில் டீவி இருந்தால் லயமே அங்கேதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். படம் நடுவில் சுருங்கினால் பெட்டரி சாகிறது என்று அர்த்தம். அந்தக் காலத்தில் டீவி பழுதானால் பசாரில் ஒரு டீவி பாஸ் இருப்பார். ஈயம் வைத்து ஒட்டி, ஒரு பாகத்தை மாற்றிக் கொடுப்பார். வொரண்டி என்ற சொல்லுக்கு அங்கே பெரிய வேலை இருக்கவில்லை.

இடையில் 1983 ஜூலை. கலவரம் பதுளைக்கும் வந்தது, தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. தோட்டத்து மனிதர் ஒருவர் பெயர் சொல்லி, கொப்பியில் எழுதி, கடனுக்குச் சாமான் வாங்கும் கடை எரிந்தால் போவது சாமான் மட்டும் கிடையாது. "அண்ணே, நீங்க குடுத்தது சரியில்ல" என்று உரிமையோடு சொல்லக்கூடிய பழக்கமும் சேர்ந்து போகும். புரியாத மொழியில் பேசும், முன்பின் தெரியாத கடையில் குரல் உயர்த்துவது எப்படி என்பதை அந்த ஜூலைக்குப் பிறகு யார் நமக்குச் சொல்லித்தர முடியும்?

ஆனாலும் டீவி ஆசை குறையவில்லை, குறைய வேண்டிய அவசியமும் இல்லை. 1998-இல் சக்தி டீவி வந்ததும், இந்தியச் சனல்கள் டிஷ்ஷில் வந்ததும், தமிழ் கேட்கும் பெட்டியாக அது மாறியது. 2020-இல் பள்ளிக்கூடங்கள் மூடியபோது பாடம் டீவியில் போனது. ஸ்மார்ட்போனும் சிக்னலும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பெட்டிதான் வகுப்பறை. "லயத்தில இருக்கிறவங்களுக்கு எதுக்குப் பெரிய டீவி?" என்று கேட்பவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

50 நாள் கொழுந்து

ஒரு டீவியின் விலையைத் தோட்டத்துக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபா. ஒரு டீவி 67,500 ரூபா என்று வைத்துக்கொண்டால் அது சரியாக 50 பேர். சாப்பாடு, பிள்ளைகளின் செலவு, கழிவு எதுவும் இல்லாமல் 50 நாள். பழுதான டீவிக்காகக் கடைக்கு நாலு தடவை அலைந்தால் இன்னும் நாலு பேர் போச்சு, 5,400 ரூபா. பஸ் காசு தனி. நகரத்தில் இருப்பவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவார். பெரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுக்க வேண்டியவருக்கு ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு நாள் சம்பளம் விலை. "நம்ம நேரம்" என்று விட்டுவிடுவதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

கையில் மொத்தமாகக் காசு இல்லாதவர்கள் தவணைக்கு எடுப்பார்கள். இதுவும் பழைய கதைதான். 1850களில் அமெரிக்காவில் சிங்கர் கொம்பனி தையல் மெஷினைத் தவணைக்கு விற்று அந்த முறையை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது. இலங்கையில் 1877-இல் கொழும்புப் புறக்கோட்டையில் கடை திறந்தது. வாடகைக் கொள்வனவு என்று சட்டம் சொல்லும் இந்த முறையில், கடைசித் தவணை கட்டும்வரை சாமான் கொடுத்தவருக்கே சொந்தம். பழுதாகிப்போன டீவிக்கு எதற்குத் தவணை கட்ட வேண்டும் என்று நம்ம ஆட்கள் கோபத்தில் நிறுத்திவிடுவார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் முறைப்பாடு எதையும் எழுத்தில் கொடுக்காமல் தவணையை மட்டும் நிறுத்தினால், தாளில் தெரிவது ஒன்றே ஒன்று: இந்த ஆள் கடன் கட்டவில்லை. துண்டு திரும்ப வந்த மாதிரிதான்.

புதுசு ஏன் சீக்கிரம் சாகிறது?

"புதுசா வாங்கினது எப்படி இவ்ளோ சீக்கிரம் போகும், நாமதான் ஏதோ செஞ்சிட்டோம்" என்று வீட்டில் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவதைப் பார்த்திருக்கிறோம். அதிகமாக மாட்டுவது ரிமோட்டைக் கையில் வைத்திருந்த சின்னப் பிள்ளை. உண்மையில் மின்னணுச் சாமான்கள் அதிகமாகச் சாகும் காலங்கள் இரண்டு. ஒன்று, வாங்கிய ஆரம்ப மாதங்கள். இன்னொன்று, பல வருடம் ஓடித் தேய்ந்த பிறகு. நடுவில் அமைதி. கோடு போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் உயர்ந்து நடு பள்ளமாக இருக்கும், பொறியியலில் இதைக் குளியல் தொட்டி வளைவு என்பார்கள். சரியாகப் பிடிக்காத ஈய ஒட்டு, தரம் குறைந்த கெப்பாசிட்டர், பலவீனமான எல்.ஈ.டி. ஆகியவை முதல் சில மாத ஓட்டத்தில்தான் வெளியே வரும். இந்த ஆரம்பச் சாவு நடக்கும் என்று தயாரிப்பவர்களுக்குத் தெரியும். வொரண்டி காலம் என்று ஒன்றை வைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சத்தம் வருகிறது, படம் இல்லை என்ற பிரச்சினையை எடுங்க. இன்றைய டீவியில் திரைக்குப் பின்னால் சின்னச் சின்ன எல்.ஈ.டி. விளக்குகள் வரிசையாக இருக்கும். பல செட்களில் அவை சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று கோர்த்திருப்பதால் ஒன்று போனாலே வரிசை முழுக்க இருட்டாகிவிடும். டீவியைப் போட்டுவிட்டு, இருட்டில் திரைக்குச் சாய்வாக டோர்ச் அடித்துப் பாருங்க. மங்கலாகப் படம் ஓடுவது தெரிந்தால் போனது பெரும்பாலும் பின்விளக்கு. "திரையே போச்சு" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லிக் கேட்கலாம்.

கரண்ட் கூடிப் போவதும் பொய் கிடையாது. இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், ஆனால் கம்பியின் கடைசி நுனியில் இருக்கும் லயத்தில் அது ஏறி இறங்கும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட இடிமழை மலைநாட்டில் பலமாக இருக்கும். மின்னல் கரண்ட் கம்பி வழியாகவும் வரும், அன்டெனா வயர் வழியாகவும் வரும். இடி தொடங்குவதற்கு முன்பே இரண்டையும் கழற்றி வைப்பது நல்லது, இடிக்கும்போது வயரைத் தொடக்கூடாது. ஆனால் எல்லாப் பழுதுக்கும் மின்னல் மேல் பழி போட முடியாது. மின்னல் தாக்கினால் போர்டில் கருகின தடயம் பெரும்பாலும் இருக்கும். "எங்க கருகியிருக்கு, காட்டுங்க, எழுதித் தாங்க" என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

இந்த இடத்தில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் அகெர்லொஃப் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்து இதைத்தான் எழுதினார். எது நல்லது, எது ஓட்டை என்று வாங்குபவருக்குப் பிரித்துப் பார்க்க முடியாத சந்தையில் நல்ல சாமானும் மெல்ல வெளியேறிவிடும் என்றார். அதற்கு மருந்தாக அவர் சொன்னவற்றில் ஒன்று உத்தரவாதம். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உத்தரவாதம் என்பது கடைக்காரர் நமக்குச் செய்யும் தர்மம் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள இது உதவும். அது இல்லாவிட்டால் அந்தச் சந்தையே நொண்டும்.

மூன்று மாதம்

இனி 2003-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வருவோம். அதன் 13-ஆம் பிரிவின்படி, தரத்துக்கு ஒத்துவராத பொருளைப் பற்றியும், வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறான பொருளைப் பற்றியும் அதிகாரசபையிடம் முறையிடலாம். விசாரித்துப் பார்த்து, நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. "கேட்டால்" என்ற சொல்லைக் கவனியுங்க. கேட்காதவருக்குச் சட்டம் உதவிக்கு வர முடியாது.

இன்னொரு சிக்கலும் அதே பிரிவில் இருக்கிறது. முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், வாங்கிய நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கடைக்காரர் "அடுத்த வாரம் வாங்க", "கொழும்பில இருந்து பார்ட்ஸ் வரணும்" என்று சொல்லச் சொல்ல அந்த மூன்று மாதம் கரைந்துகொண்டே இருக்கும். வொரண்டி கார்டில் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று போட்டிருந்தாலும், அதிகாரசபையின் கதவுக்கு மூன்று மாதம்தான். இந்தியாவில் 1986-இல் வந்த நுகர்வோர் சட்டத்துக்குப் பதிலாக 2019-இல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அங்கே முறையிட இரண்டு வருடம் அவகாசம். ஒரு டீவி ஐந்தாவது மாதம் செத்தால் மதுரையில் இருப்பவருக்குத் திறந்திருக்கும் கதவு மடுல்சீமையில் இருப்பவருக்குப் பூட்டியிருக்கும். இந்த மூன்று மாதத்தை நீட்ட வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. எங்கள் தலைமுறை கேட்க வேண்டிய கோரிக்கை என்றும் நினைக்கிறோம்.

சட்டத்தில் எழுதாத தடைகளும் இருக்கின்றன. வொரண்டி கார்டு பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கும். தமிழ் 1987-இல் 13-ஆவது திருத்தத்தோடு அரசகரும மொழியானது, பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டும் இருக்கின்றன. அதனால் அரச அலுவலகத்தில் தமிழில் எழுதிக்கொடுத்து, தமிழில் பதில் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. கடைக் கார்டு அந்த வரம்புக்குள் வருவதில்லை. அடுத்தது விலாசம். லயத்தில் பல குடும்பங்களுக்குத் தனி விலாசம் கிடையாது, கடிதம் தோட்ட ஒபிசுக்கு வந்து அங்கே கிடக்கும். விசாரணைக்கு வரச் சொல்லும் கடிதம் தேதி முடிந்த பிறகு கைக்கு வந்தால் அந்த முறைப்பாடு என்னாகும்?

கார்டில் இன்னொரு வரியும் இருக்கும். வெளியாள் திறந்தால் வொரண்டி கிடையாது. பெட்டரி காலத்தில் நம்ம டீவிகளைக் காப்பாற்றிய பாஸ்மாரை இந்த ஒரு வரி ஒதுக்கிவிட்டது. நடந்து போகிற தூரத்தில் வேலை தெரிந்த ஆள் இருக்க, டீவி கொழும்புக்கு ரயில் ஏற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல், டீவி உதிரிப்பாகங்கள் பழுதுபார்ப்பவர்களுக்குக் குறைந்தது 7 வருடம் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. பழுதுபார்க்கும் உரிமை என்று உலகம் இப்போது பேசுவது பசார் பாஸ்மாருக்கு மரியாதை கேட்கும் பேச்சும்தான்.

தாளைப் பேசவைப்பது

இதை வாசிக்கிறவர்களில் பலர் குடும்பத்தில் முதலாவதாக ஏ.எல். எழுதியவர்கள், கெம்பஸ் போனவர்கள். அம்மா அப்பா டீவி எடுக்கப் போகும்போது கூடப் போகக்கூடியவர்கள் நாம்தான். சில காரியங்களை நாம் செய்யலாம்.

கடையிலேயே பெட்டியைப் பிரித்து, டீவியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்க. பஸ்ஸில் ஏறிய பிறகு திரையில் வெடிப்பைப் பார்த்தால் யார் உடைத்தது என்ற சண்டை முடியாது. பில்லை வாங்கி, அதில் தேதி, மொடல், தொடர் இலக்கம், விலை எல்லாம் இருக்கிறதா என்று பாருங்க. வொரண்டி கார்டில் கடையின் சீல் வையுங்க என்று கேளுங்க. இரண்டையும் உடனே போனில் படம் பிடித்து வையுங்க. பல கடை பில்களில் மை கொஞ்ச மாதத்தில் மங்கிவிடும், லயத்துக் கூரை ஒழுகினால் அட்டையும் ஊறிவிடும். முதல் மூன்று மாதம் பெட்டியையும் தெர்மோகோலையும் எறிய வேண்டாம்.

பழுதானால் முதல் நாளே எழுதுங்க. கடையில் டீவியைக் கொடுக்கும்போது, எந்தத் தேதியில் என்ன பழுதோடு வாங்கிக்கொண்டார்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்க. இரண்டாவது தடவையும் சரிவராவிட்டால் காத்திருக்க வேண்டாம். அதிகாரசபைக்கு மாவட்ட மட்டத்தில் அலுவலகம் இருக்கிறது, தொலைபேசி இலக்கம் 1977. திறந்த சந்தை வந்த வருடமே இலக்கமாக இருப்பதால் மறக்காது. ஆனால் போன் பேசியது போதாது, தமிழில் ஒரு பக்கம் எழுதி, பில்லின் பிரதியோடு பதிவுத் தபாலில் அனுப்புங்க. விலாசத்தில் தோட்டத்தின் பெயரோடு போன் இலக்கத்தையும் போடுங்க. மூன்று மாதம் தாண்டிவிட்டால் அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன, அங்கே சட்டத்தரணி தேவையில்லை. 1896-ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படியே இருக்கிறது. தவணைக்கு எடுத்திருந்தால் தவணையை நிறுத்துவதற்கு முன்பு, பழுதைப் பற்றி எழுத்தில் அறிவித்து அதன் பிரதியை வைத்திருங்க.

இப்படிச் செய்தால் ஒவ்வொரு தடவையும் வெற்றி கிடைக்கும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கடைக்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்களும் இல்லை. பதுளையிலும் பண்டாரவளையிலும் மறுபேச்சு இல்லாமல் மாற்றிக் கொடுத்த கடைகளும் உண்டு, அங்கேயும் முதலில் கேட்பது பில்லைத்தான்.

கொள்ளுத்தாத்தாவின் கடன் அவர் வாசிக்க முடியாத ஒரு தாளில் இருந்தது. தாத்தாவிடம் இந்த மண்ணில் பிறந்ததைக் காட்டத் தாள் இருக்கவில்லை. அப்பாவின் கணக்கு செக்ரோலிலும் கடைக் கொப்பியிலும் இருந்தது, அந்த இரண்டும் அவர் கையில் இருக்கவில்லை. டீவி பில் நம்ம பெயரில் இருக்கிறது, நம்ம வீட்டு அலுமாரியில் இருக்கிறது, நமக்கு வாசிக்கவும் தெரியும். 50 நாள் கொழுந்துக்கு எதிர்ப்பக்கம் கொடுத்த வாக்குறுதி அதில்தான் எழுதியிருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போய்க் கேட்பது சண்டித்தனம் ஆகாது. கணக்குக் கேட்பது, அவ்வளவுதான்.